ஓரியூரும் சமய உரிமையும்

எந்தச் சமயத்தை ஏற்பது, எதை விடுவது என்று ஒருவருக்காக முடிவு செய்யும் அதிகாரம் எந்த அரசுக்கும் இல்லை. 2025 ஜூலை 25 அன்று சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் கேரள அருட்சகோதரியர் இருவர் ஆள்கடத்தல், கட்டாய மதமாற்றம் என்ற குற்றச்சாட்டுகளின்பேரில் கைது செய்யப்பட்டு, ஆகஸ்ட் 2 அன்று பிணை பெற்றனர். பலரையும் கலங்கவைத்த இந்நிகழ்வுக்குப் பின் அந்த அடிப்படையை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இராமநாதபுரம் சீமைக்கு இது பழைய வழக்கு. மறவர் இளவரசர் தடியத்தேவர் திருமுழுக்குப் பெற்றதும் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களுள் ஒருத்தி மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவு. முறையீடு அரண்மனைக்குப் போனது. தேவருக்குப் போதித்த, அருளானந்தர் என்ற இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அந்தப் பெண்ணின் குறை நியாயமானதே. ஆனால் அவளுக்கு வாழ வழிசெய்வதுதான் மன்னனின் கடமை. போதித்தவரின் தலையை வாங்கியதால் அவளுக்கு எந்த நீதியும் கிடைத்துவிடவில்லை.

வழிபாட்டை வற்புறுத்திப் பெற முடியாது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதினார். விசுவாசத்தை ஒருபோதும் ஏற்றிராதவரைக் கட்டாயப்படுத்தலாகாது, நம்புவது விருப்பத்தின் செயல் என்றார் தாமஸ் அக்குவினாஸ். வள்ளுவரும் அறத்தின் இருப்பிடம் மாசற்ற மனம் என்றே கண்டார். பிற சமயத்தாரையும் போற்றுமாறு அசோகன் பாறையில் பொறித்தான். 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமையை மனித மாண்பின்மீதே நிறுவியது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவும் சமயத்தைப் பரப்பும் உரிமையை ஏற்கிறது.

ஆசைகாட்டியும் அச்சுறுத்தியும் மதம் மாற்றுவது தவறு. ஏழைகளிடமும் கல்லாதவரிடமும் அப்படி நடப்பதை அதே வத்திக்கான் சங்கம் கண்டித்திருக்கிறது. பரப்பும் உரிமையில் மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றமும் 1977இல் தீர்ப்பளித்தது. எனினும் மோசடிக்கும் மிரட்டலுக்கும் குற்றவியல் சட்டம் ஏற்கெனவே உண்டு. 2002இல் தமிழ்நாடு கொண்டுவந்த மதமாற்றத் தடைச் சட்டம், மாற்றத்தை மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்கச் சொன்னது. மனச்சான்றின் முடிவை அலுவலகக் கோப்பாக்கிய அந்தச் சட்டத்தை 2004 மக்களவைத் தேர்தலுக்குப் பின் அதே ஆட்சி திரும்பப் பெற்றது.

உரிமை கேட்பவருக்குக் கடமையும் உண்டு. ஓரியூர் ஆலயத்துக்காகப் பேசும் நாவு ஏர்வாடி தர்காவுக்காகவும் இராமேசுவரம் கோயிலுக்காகவும் பேச வேண்டும். திருச்சபையை விட்டு வேறு சமயம் செல்பவரின் முடிவையும் கத்தோலிக்கர் அதே மரியாதையோடு ஏற்கக் கடமைப்பட்டவர்கள்.