எந்த நிறம் மெய்?

பனாமாவில் வாழும் தங்க ஆமை வண்டு விரல் நகத்தளவே உள்ள ஓர் இலைவண்டு. அதன் சிறகுறையின் ஓரம் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். நடுப்பகுதி மெருகேற்றிய பொன்னாய் மின்னும். சீண்டினால் ஓரிரு நிமிடங்களில் பொன் மங்கிச் சிவப்பு எழும். விட்டுவிட்டால் பொன் திரும்பும். 2007-இல் பெல்ஜிய இயற்பியலாளர் ழான் போல் வின்யெரோன் குழுவினர் இதன் காரணத்தை விளக்கினார்கள். சிறகுறைக்குள் மெல்லிய அடுக்குகள் பல உண்டு. அவற்றின் நுண்துளைகளில் நீர்மம் நிறைந்திருக்கும்வரை அவை ஆடிபோல ஒளியைத் திருப்பும். அடுக்குகளின் தடிமன் ஒரே அளவாக இல்லாமல் படிப்படியாக மாறுவதால் வெவ்வேறு நிற ஒளிகள் சேர்ந்து திரும்பிப் பொன்னாகின்றன. நீர்மம் வடிந்ததும் அடுக்குகள் ஒளியை உள்ளே விட, அடியிலுள்ள சிவப்பு நிறமி தெரிகிறது.

இதைக் கேட்டதும், பொன் வெறும் தோற்றம், அடியிலிருக்கும் சிவப்பே மெய் என்று முடிவுகட்டத் தோன்றும். இந்த முடிவுக்கு நம்மைப் பழக்கியதில் தத்துவ நூல்களின் படிக உவமைக்கும் பங்குண்டு. செம்பருத்திக்கு அருகில் வைத்த படிகம் சிவப்பாகத் தெரியும். பூவை எடுத்தால் நிறம் போய்விடும். ஆகவே அது படிகத்தின் நிறமல்ல. சார்ந்ததன் வண்ணமாகும் உயிரின் இயல்பைச் சைவ சித்தாந்தமும் இந்தப் படிகத்தைக் காட்டியே விளக்கும். ஆனால் வண்டிடம் இந்த உவமை தலைகீழாகிவிடுகிறது. வடிந்த அடுக்குகளின் வழியே தெரியும் சிவப்புதான் படிகத்தில் தெரியும் பூவைப் போன்றது. பொன்னோ எதையும் சார்ந்து வந்ததல்ல. தன் நீரைத் தன் அடுக்குகளில் தேக்கி வண்டே ஆக்கிக்கொள்வது.  

நிலைப்பதுதானே மெய், பொன் வந்து போகிறதே என்று கேட்கலாம். வண்டு செத்தால் நீர்மம் உலர்ந்து பொன் போய்விடும், நிறமி மிஞ்சும். நிலைப்பை அளவுகோலாக வைத்தால், உயிருள்ள வண்டைவிட அதன் பிணமே உண்மையான வண்டு என்று ஒப்பவேண்டி வரும். தங்கமே அங்கு இல்லையே என்பது வலுவற்ற ஆட்சேபம். உலோகம் இருப்பதாக எண்ணினால்தான் அது கயிற்றரவு, அதாவது கயிற்றைப் பாம்பென்று காணும் மயக்கம். காணும் உலகையே தோற்றம் என்னும் அத்வைதி இதோடு விடமாட்டார்: காரணம் தெரிந்தபின்னும் கானல்நீர் தெரியத்தான் செய்கிறது, அதனால் அது நீராகிவிடுமா? ஆகாது. ஆனால் கானலில் நாம் குடிநீரை எதிர்பார்த்து ஏமாறுகிறோம். இங்கே நிறம் உண்டு என்பதற்குமேல் எதையும் சொல்லவில்லை. எக்காலத்திலும் மறுக்கப்படாததே மெய் என்று அவர் அளவுகோலை உயர்த்தினால், சிவப்பும் அதில் தேறாது. அதுவும் ஒளியும் கண்ணும் கூடும்போது உண்டாவதே. அப்போது இரண்டு நிறங்களும் சேர்ந்தே விழும். பொன்னை மட்டும் பொய்யென்று தள்ள அத்வைதம் துணைக்கு வராது.