வேண்டாம் என்று சொன்னது யார்?

2024 டிசம்பரில் கர்நாடக அரசு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மைசூரு கோச்சனஹள்ளி தொழிற்பேட்டையில், ஸோஹோ பின்னணியில் உருவான சிலெக்ட்ரிக் என்ற நிறுவனம் சுமார் 3,425 கோடி ரூபாய் செலவில் செமிகண்டக்டர் ஆலை அமைக்கும், 460 பேருக்கு வேலை கிடைக்கும் என்பது திட்டம். அரை வருஷம்கூட ஆகவில்லை. 2025 மே மாதம், இந்த யோசனையை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறோம் என்று ஸோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்துவிட்டார். அவர் சொன்ன காரணம் சுருக்கமானது. இது பெரும் முதல் கேட்கிற தொழில், அரசு கை கொடுக்காமல் நடக்காது. மக்களின் வரிப்பணத்தை வாங்குவதற்கு முன் தொழில்நுட்பப் பாதை சரிதான் என்ற முழு உறுதி வேண்டும். அந்த உறுதி வரவில்லை, அதனால் இயக்குநர் குழு நிறுத்திவைத்தது.

என்னைச் சுற்றி இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். மென்பொருள்காரருக்கு ஆலை கட்டும் துணிச்சல் இல்லை, பயந்துவிட்டார் என்றது ஒரு கட்சி. கையில் வந்ததை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்றது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. பயந்து விலகுகிறவனும் தெளிந்து விலகுகிறவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். உள்ளே எது பேசியது என்பதை அந்த ஆளே எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு இது ஏட்டுக் கேள்வி இல்லை. அதே வருஷம் என் மேஜையிலும் இது வந்து உட்கார்ந்தது.

மைசூரு வி.வி. மொஹல்லாவில் நானும் என் பெரியப்பா மகனும் ஒரு சின்ன நிறுவனம் நடத்துகிறோம். சிறிய கிளினிக்குகளும் பல் மருத்துவர்களும் ஆண்டுச் சந்தா கட்டி இணையத்தில் பயன்படுத்தும் மென்பொருள் எங்களுடையது. டோக்கன், நோயாளியின் பதிவு, ரசீது, அடுத்து வரவேண்டிய தேதியை நினைவூட்டும் குறுஞ்செய்தி, இவ்வளவுதான். மண்டியா, ஹாசன், சாமராஜநகர், மலை இறங்கினால் ஈரோடு, கோவை என்று பரவியிருக்கிறோம். பெங்களூருவிலிருந்து ஒரு முதலீட்டாளர் வந்தார். பணம் தருகிறேன், இரண்டு வருஷத்தில் கிளினிக்குகளின் எண்ணிக்கை பத்து மடங்காக வேண்டும், அதற்கு முதல் வருஷம் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்றார். அண்ணாவுக்குச் சம்மதம். எனக்கு இல்லை. ஆனால் இல்லை என்று சொன்ன அந்த நிமிஷத்திலேயே அண்ணா திருப்பிக் கேட்டான்: "நீ பயந்து வேண்டாங்கறியா, பார்த்து வேண்டாங்கறியா?"

இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பழைய அளவுகோல் ஒன்று உண்டு. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தியாகத்தை மூன்றாகப் பிரிக்கிறது. செய்யவேண்டியதை மயக்கத்தால் விடுவது தாமசம். கஷ்டமாக இருக்கும், உடம்பு நோகும் என்ற பயத்தால் விடுவது ராஜசம், அப்படி விட்டவனுக்குத் தியாகத்தின் பலன் கிடைக்காது. செய்யவேண்டியது என்பதற்காகவே செய்து, பற்றையும் பலனையும் மட்டும் விடுவது சாத்விகம். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் அர்ஜுனன் என்பதை மறந்துவிடக் கூடாது. வில்லைக் கீழே போட்டுவிட்டு, போர் வேண்டாம், பிச்சை எடுத்தாவது பிழைக்கிறேன் என்று சொன்னவன் அவன். கேட்க வைராக்கியம் போலத்தான் இருந்தது. கண்ணன் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ராமானுஜர் தன் கீதா பாஷ்யத்தில் இன்னும் உள்ளே போகிறார். விடவேண்டியவை மூன்று என்கிறார்: இதன் பலன் எனக்கு என்ற எண்ணம், இந்த வேலை என்னுடையது என்ற எண்ணம், செய்கிறவன் நான் என்ற எண்ணம். என் அப்பா சந்தியாவந்தனம் தொடங்கும்போது சாத்விக தியாகம் சொல்லித்தான் தொடங்குவார், முடிக்கும்போதும் சொல்வார். பகவான் தானே, தன் உகப்புக்காக, என்னைக் கருவியாக வைத்து இதைச் செய்துகொள்கிறான் என்பது அதன் கருத்து. சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. வேலையை முடித்தபிறகு பலனை விடலாம், தொடங்குவதற்கு முன்பே எதை விடுவது என்று அவரைக் கேட்டிருக்கிறேன். "அப்புறம்னா விட மனசு வராதும்மா" என்றார். தொழில் நடத்த ஆரம்பித்தபின் அதைவிட நடைமுறையான வியாபார அறிவுரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பலன் என்ற முதல் எண்ணத்தை எங்கள் கணக்கில் கண்டுபிடிப்பது சுலபம். மாதக் கடைசியில் சந்தா பட்டியலை எடுப்போம். புதிதாக வந்தவர்கள் ஒரு பத்தி, புதுப்பித்தவர்கள் ஒரு பத்தி, விட்டுப்போனவர்கள் ஒரு பத்தி. முதலீட்டாளருக்குக் காட்டுகிற ஏறுமுகக் கோடு முதல் பத்தியிலிருந்து பிறக்கிறது. தொழிலின் ஆரோக்கியம் மூன்றாவதில் இருக்கிறது. இலவசமாகச் சேருகிற கிளினிக் பழைய நோட்டுப் புத்தகத்தில் உள்ள நோயாளிகளின் பெயர்களை எங்கள் மென்பொருளில் ஏற்றுவதே இல்லை. நோட்டு அப்படியே மேஜையில் இருக்கும், இலவசக் காலம் முடிந்ததும் எந்த இழப்பும் இல்லாமல் போய்விடுவார்கள். பணம் கட்டிய இடத்தில் வரவேற்பில் உட்காரும் பெண் சாயங்காலங்களில் உட்கார்ந்து பழைய பெயர்களை ஒவ்வொன்றாக அடிப்பாள். அப்படி அடித்து முடித்த கிளினிக் அநேகமாகப் போவதில்லை. எனவே, இலவசம் கொடுத்து எண்ணிக்கை பெருக்குவது மூன்றாவது பத்தியை ஒரு வருஷம் தள்ளிப்போடுவது, அவ்வளவுதான். திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வரப்போகும் லாபத்தை நினைத்து இருக்கும் முதலைத் தொலைக்கும் காரியத்தில் அறிவுள்ளவர்கள் இறங்க மாட்டார்கள் என்று அங்கே வள்ளுவர் சொல்வது எங்கள் பட்டியலுக்கு அப்படியே பொருந்துகிறது. நாட்டளவில் பார்க்கவேண்டுமென்றால் இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் இருக்கிறது. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட அந்த நிறுவனம், கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது.

இதுவரை சொன்னது எனக்குச் சாதகமான வாதம். இரண்டாவது எண்ணத்துக்கு வந்தபோதுதான் கேள்வி கடினமானது.

ஹுன்சூர் கிளினிக் ஒன்றிலிருந்து ஒரு பெண் அடிக்கடி கூப்பிடுவாள். டோக்கன் அச்சாகும்போது கன்னடக் கூட்டெழுத்து உடைந்து பக்கத்தில் விழுந்துவிடும். "மேடம், பேர் உடைஞ்சு வருது, பேஷண்ட் சிரிக்கறாங்க" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, நான் சரிசெய்யும் வரை போனை வைக்க மாட்டாள். ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டி, இப்போது சரி, இப்போது இல்லை என்பாள். பத்து மடங்கு வளர்ந்தால் இந்த அழைப்பு எங்கோ ஒரு கால் சென்டருக்குப் போகும். அதை நினைத்தபோது வந்த எதிர்ப்பு என் மனதில் மிக நியாயமான எதிர்ப்பாகத் தோன்றியது. வாடிக்கையாளர் மீது அக்கறை என்று அதற்குப் பெயர் வைத்தேன். சில நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபின் அதற்குள் என் கிளினிக்குகள், என் மென்பொருள் என்பதும், நான் எடுத்தால்தான் சரியாகும் என்ற மூன்றாவது எண்ணமும் இருந்தது தெரிந்தது. வளர்ச்சியை வேண்டாம் என்பவன் ஆசையை விட்டவன் என்று நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம். பிடித்துவைத்துக்கொள்ளும் ஆசை, பெருக்கும் ஆசைக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை என்பது என் எண்ணம். ராமானுஜர் அதைத் தனியாகப் பெயர்சொல்லி விடச்சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

வேண்டாம் என்று மறுப்பதற்கு மைசூருவில் இருக்கிற எங்களுக்கு ஒரு சரித்திரமும் இருக்கிறது. ஸ்ரீரங்கம் சூறையாடப்பட்ட 14ஆம் நூற்றாண்டில் வேதாந்த தேசிகர் இந்தப் பக்கம் வந்து, கொள்ளேகாலத்துக்கு அருகே சத்தியாகாலத்தில் தங்கினார் என்பது சம்பிரதாயம். விஜயநகர அரசவைக்கு வரச்சொல்லி வித்யாரண்யர் அழைத்ததும், தேசிகர் மறுத்து வைராக்கிய பஞ்சகம் எழுதியதும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அரசன் தரும் செல்வம் வேண்டாம், உஞ்சவிருத்தி போதும் என்று இருந்தவர். அவருடைய சீடர் பிரம்மதந்திர சுதந்திர ஜீயர் வழியில் வந்ததுதான் ஜகன்மோகன் அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள பரகால மடம். அந்த மடத்து ஜீயர்கள் மைசூரு உடையார்களுக்கு ராஜகுருக்களாக இருந்தார்கள். அரசனை மறுத்தவரின் வழி அரசனின் குரு பீடமானதை முரண் என்று நான் நினைக்கவில்லை. தனி ஆளுக்கு மறுப்பது தர்மம். ஹயக்ரீவரின் ஆராதனையும் தமிழ்ப் பிரபந்தமும் தலைமுறை தாண்டி நிற்கவேண்டிய இடத்துக்கு ஆதரவை ஏற்பது தர்மம். இன்றும் இங்கே கோஷ்டியில் பாசுரத்தைக் கன்னட எழுத்தில் அச்சான புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சேவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது யாரோ ஏற்றுக்கொண்டதால் நிலைத்தது. ராமானுஜரே 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்கிறது சம்பிரதாயம். சின்னதாக இருப்பதே புனிதம் என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை.

அதனால் நாங்கள் செய்தது இது. முதலீட்டாளரின் நிபந்தனையை மறுத்தோம், ஏனென்றால் இலவச வருஷம் என்பது திரும்பி வராத பணத்தைக் கொண்டு பொய்யான முதல் பத்தியை உண்டாக்குவது. அதே வாரம், தமிழ்நாட்டுக் கிளினிக்குகள் முழுவதையும் அண்ணாவிடம் கொடுத்தேன், முடிவெடுக்கும் உரிமையோடு. ஹுன்சூர் அழைப்புகளை இப்போது நான் எடுப்பதில்லை. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் எடுக்கிறாள், அச்சுப் பிரச்சினையை என்னைவிட நன்றாகவே தீர்த்துவிட்டாள்.

இந்த அளவுகோலோடு கோச்சனஹள்ளிக்குத் திரும்பினால், பயம் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஸோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். தொலைத்தொடர்புக் கருவி செய்பவர்களுக்கு மென்பொருள் விற்றுவந்தார்கள். 2001 வாக்கில் அந்தச் சந்தை சரிந்தபோது, இருந்த பொறியாளர்களை வைத்துக்கொண்டே மேனேஜ்இன்ஜின் என்ற ஐடி மேலாண்மை மென்பொருளுக்குத் தாவினார்கள், 2005இல் இணையவழி மென்பொருளில் இறங்கினார்கள். வெளி முதலீடு வாங்காமலே இதையெல்லாம் செய்தார்கள். சொந்தப் பணத்தில் தாவத் தெரிந்தவர், பொதுப் பணம் என்றதும் நின்று யோசித்திருக்கிறார். நான் தோற்றால் என் பணம் போகும் என்ற இடத்தில் துணிச்சலுக்கு உரிமை உண்டு. தோல்வியின் செலவை ஹுன்சூரில் டோக்கன் அச்சடிக்கும் பெண்ணும் வரியாகக் கட்டுகிறாள் என்ற இடத்தில் அந்த உரிமை குறைந்துவிடுகிறது. அவர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் 460 வேலை என்பதும் பொய்யில்லை. தேசிகர் மறுத்தபோது மறுத்தது தன் பங்கை. ஒரு நிறுவனம் மறுக்கும்போது பிறர் பங்கையும் சேர்த்தே மறுக்கிறது. மைசூருவின் எஸ்.ஜே.சி.இ., என்.ஐ.இ. பொறியியல் கல்லூரிகளில் மின்னணுவியல் படித்துக்கொண்டு அந்த ஆலையை எதிர்பார்த்திருக்கக்கூடிய பிள்ளைகள் யாரும் இதைத் தியாகம் என்று ஒப்புக்கொள்ளவேண்டிய கட்டாயம் இல்லை. அவர்களுக்குத் தரவேண்டிய ஒரு கடன் பாக்கி இருக்கிறது. எந்தத் தொழில்நுட்பப் பாதையைப் பார்த்தார்கள், எந்த இடத்தில் நம்பிக்கை தளர்ந்தது, என்ன கிடைத்தால் மறுபடி தொடங்குவார்கள் என்று பொறியாளர்களுக்குப் புரியும் விவரத்தோடு ஸ்ரீதர் வேம்பு எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தமிழில் எழுதினால் கன்னடத்தில் மொழிபெயர்த்து அந்தக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க நான் தயார்.