யார் சொல்லவேண்டும்?

சட்டம் தெரியாது என்று சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது என்பது நீதிமன்றங்களின் பழைய விதி. குற்றம் செய்தவன் விஷயத்தில் அது சரிதான். ஆனால் அநியாயத்துக்கு ஆளானவனிடமும் நாம் அதே விதியைத்தானே நீட்டுகிறோம்? “உனக்கு உரிமை இருந்ததே, நீ ஏன் கேட்கவில்லை?” என்கிறோம். கேட்காதது அவன் குற்றமாகிவிடுகிறது; கொடுக்காதவனோ சாமர்த்தியசாலி ஆகிவிடுகிறான். அப்படியானால், ஒருவனுடைய உரிமையை அறிந்துகொள்ள வேண்டிய கடமை யாருடையது? அவனுடையது மட்டும்தானா? இந்தக் கேள்வியை நெடுநாளாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் பெரிய சாலையில், கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் புதுவாயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சாலை பிரிந்து பெரியபாளையம் போகிறது. பவானி அம்மனைத் தரிசிக்கப் போகிறவர்களுக்கு அது கோயிலுக்குப் போகும் வழி. அந்த வட்டாரத்து ஜனங்களுக்கோ பிழைப்பெல்லாம் ஆலைகளில்தான். ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்களும் டீக்கடையில் சந்தித்துக்கொள்கிறார்கள். தமிழோடு தெலுங்கும் இந்தியும் ஒரியாவும் அங்கே காதில் விழும்.

அப்படிப்பட்ட ஒரு கடையில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். வயது நாற்பது இருக்கும். ஆறு வருஷமாக ஓர் ஆலையில் ஒரே மிஷினில் வேலை பார்க்கிறார். ஆனால் கணக்குப்படி அவர் அந்த ஆலையின் ஆள் இல்லை, கான்டிராக்டரின் ஆள்.

“நிரந்தரம் பண்ணச் சொல்லிக் கேட்டதுண்டா?” என்றேன்.

“கேக்கிறதாவது சார்! வருஷத்துக்கு ஒரு தரம் பத்து நாள் வரவேணாம்னு சொல்லிடுவாங்க. அப்புறம் வேற கான்டிராக்டர் பேர்ல சேத்துக்குவாங்க. மிஷின் அதேதான். சீட்டுலதான் பேர் மாறும்.”

“எதற்காக அப்படிச் செய்கிறார்கள், தெரியுமா?”

அவர் சிரித்தார். “தெரியாம என்ன சார்? தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா, அந்தப் பத்து நாள் முடியவே முடியாது.”

1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இயற்றினார்கள். 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 480 நாட்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பவர் யார்? வேலை செய்கிறவரைக் காட்டிலும் வேலைக்கு ஆள் விடுகிறவர்தான் அதை ஊன்றிப் படித்திருக்கிறார். எந்த நாளில் கணக்கை அறுக்கவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். ஏழைக்காகச் செய்த சட்டத்தின் முதல் மாணாக்கன், அதைத் தாண்டிப்போக நினைப்பவன்தான்.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், சிறு தொழில் நடத்துகிறவர், கெட்டவர் அல்ல. அவர் சொல்லுகிறார்: “இவர்களுக்கு ஊர்ப்பட்ட சினிமாச் சமாசாரமெல்லாம் தெரிகிறது, தங்கள் சம்பளச் சட்டம் மட்டும் தெரியவில்லையாக்கும்! தெரிந்துகொள்ள முயலாதவனுக்காக யார் அழுவது?”

இந்த வாதத்தில் ஒரு பிழை இருக்கிறது. சினிமாச் சமாசாரம் தெரிந்திருப்பதற்காக யாரும் யாரையும் வேலையைவிட்டு நிறுத்துவதில்லை. உரிமை தெரிந்திருப்பதற்கோ ஒரு விலை உண்டு. புதுவாயலில் நான் பார்த்தவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை வெளியே காட்டினால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் தெரியும். நாம் அறியாமை என்று சொல்லுவது பல இடங்களில் பசிக்குப் போட்ட முகமூடிதான்.

சட்டம் செய்தவர்களுக்கு இது புரியாமல் இல்லை. 1948-ல் வந்த ஆலைச் சட்டம், தன் சுருக்கத்தை ஆலையிலேயே எழுதி மாட்டவேண்டும் என்று விதித்தது. ஆங்கிலத்திலும், தொழிலாளரில் பெரும்பாலோருக்குப் புரியும் ஒரு மொழியிலும் அது இருக்கவேண்டும். எவ்வளவு கருணையான ஏற்பாடு! ஆனால் பெரும்பாலோர் தமிழராக இருக்கும் ஆலையில் ஒரிஸ்ஸாவிலிருந்து வந்த பையன் அந்தப் பலகையில் எதைப் படிப்பான்? அவனுக்கு யாராவது ஒருவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

சொல்லுகிறவர்களுக்கு இந்த ஊரில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கலாம். 1918 ஏப்ரலில் சென்னையில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முயன்று, பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள், திரு.வி.க.வும் அவர்களோடு நின்றார். வாடியா பம்பாய்க்காரப் பார்ஸி. பின்னி ஆலையில் நூல் நூற்றவர் அல்லர். நின்றுகொண்டே வேலை செய்கிறவனுக்கு உட்கார்ந்து சாப்பிடச் சற்று நேரம் வேண்டும் என்பது போன்ற எளிய காரியங்களைத்தான் அவர் பேசினார். 1920-ல் கம்பெனி அவர்மீது ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளரைத் தூண்டினார் என்பது புகார். கோர்ட்டும் தடையுத்தரவு போட்டது. அதாவது, உன் நியாயம் இது என்று ஒருவனுக்கு எடுத்துச் சொல்லுவதே அன்றைக்குக் குற்றமாக இருந்தது. நாடெங்கும் அது பேச்சாகி, என்.எம். ஜோஷி போன்றவர்கள் சட்டசபையில் போராடி, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

சட்டம் வந்துவிட்டதால் விலை குறைந்துவிட்டதா? 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சாம்ஸங் ஆலையில் ஆயிரம் பேருக்குமேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் முக்கியமாகக் கேட்டது தங்கள் சங்கத்தைச் சங்கமென்று ஒப்புக்கொள்ளும்படிதான். 37 நாட்கள் வெளியே நின்றார்கள். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா என்பதே ஒரு வழக்காயிற்று. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று. 1926-ல் கிடைத்த ஒன்றைக் கையில் வாங்க ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பிறகும் இத்தனை பாடு.

ஆனாலும் அவர்கள் வாங்கினார்கள். புதுவாயல்காரருக்கும் அவர்களுக்கும் அறிவில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. அவர் தெரிந்ததைத் தனியாக வைத்திருந்தார்; அவர்கள் ஆயிரம் பேராக ஒரே நாளில் தெரிந்தவர்கள் ஆனார்கள். ஒருவன் மட்டும் அறிந்திருக்கும் உரிமை ரகசியம்போலத்தான். அதை மறைத்து வைக்கவே அவன் பாடுபடவேண்டியிருக்கிறது.

ஒற்றுமை என்று சொல்லிவிட்டு எளிதாகப் போய்விடவும் நான் விரும்பவில்லை. அதே பின்னி ஆலையில் 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளரும் மற்றவர்களும் எதிரெதிரே நின்றார்கள். புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சேரியிலே தீண்டாதவன் என்று ஒதுக்கியவனை ஆலை வாசலில் மட்டும் தோழனே என்று கூப்பிட்டால் அவன் எப்படி வருவான்? இன்றைக்கு ஆலைக்குள் நிரந்தரம், கான்டிராக்ட் என்று இரண்டு ஜாதிகள் இருக்கின்றன. ஒரே மிஷின், ஒரே எண்ணெய்க் கறை, சம்பளம் மட்டும் வேறு. நிரந்தரக்காரர் தம் கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்கிறார். பக்கத்தில் நிற்பவரின் பத்து நாள் லீவு எதற்கு என்று தெரிந்தும் பேசாதிருக்கிறார். அவர் மௌனம் கான்டிராக்டரின் கணக்குக்குத் துணை போகிறது.

2025 நவம்பர் 21 முதல், 29 பழைய மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 1926-ம் 1948-ம் அவற்றில் கரைந்துவிட்டன. தொழிலாளருக்கு நஷ்டம் என்று பல சங்கங்கள் எதிர்க்கின்றன. ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தரவேண்டும் என்று அவற்றில் ஒரு விதி உண்டு. நல்லதுதான். அந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டப்போவது யார்?

என் அபிப்பிராயம் இதுதான்: அறிந்துகொள்ளும் கடமை, அறிவதற்கு அதிக விலை கொடுக்கவேண்டியவன் தலையில் விழக்கூடாது. அடுத்த மிஷினில் நிற்கும் நிரந்தரக்காரர் சொல்லட்டும், சங்கம் சொல்லட்டும், சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த எவரும் சொல்லட்டும். ஆனால் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. நம் பேச்சைக் கேட்டு ஒருவன் வாய்திறந்தபின், முடிவில்லாத அந்தப் பத்து நாட்களை அவன் தனியாகக் கழிக்கும்படி விட்டுவிட்டால், நாம் அவனுக்குச் செய்ததும் ஓர் அநியாயம்தான்.