ஒரு மனையில் இரு சரணம்: பௌத்த உறவினரிடைக் கிறித்தவ வாழ்வு குறித்த அறவியல் நோக்கு

ஒரு குடும்பத்தார் அனைவரும் ஒரே சமயத்தைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தைத் தமிழ்க் காப்பிய மரபு நிபந்தனையாகக் கொண்டதில்லை. சிலப்பதிகாரத்தின் நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் உரைக்கும் செய்திகள் இவ்வகையில் நோக்கத்தக்கன. மகனை இழந்த மாசாத்துவான் தன் பொருளைத் தானமாக்கிப் பௌத்த விகாரம் புகுகிறான். மகளை இழந்த மாநாய்கன் ஆசீவகர்முன் அறம் மேற்கொள்கிறான். மாதவி தன் மகளுடன் புத்த நெறியை அடைகிறாள். கொலைக்களக் காதையோ கோவலனைச் சாவக நோன்பி எனச் சுட்டுகிறது. ஒரு திருமண உறவால் இணைந்த இரு குடும்பங்களுள் மூன்று சமயங்கள் இடம்பெறுகின்றன. அவற்றின் பொருட்டு ஒரு பூசலும் எழுந்ததாக இளங்கோவடிகள் கூறவில்லை. மணிமேகலையிலும், வஞ்சி மாநகரில் தன் பாட்டனாகிய மாசாத்துவானைத் தவக்கோலத்தில் காணும் பேர்த்தி அவனிடமிருந்து குலத்தின் பழங்கதையையே கேட்டறிகிறாள். சமயமும் குலமும் அங்கு ஒன்றையொன்று மறுக்கவில்லை.

இச்சான்றைக் கொண்டு பண்டைத் தமிழரின் சமயப் பொறையைப் போற்றி அமைவது எளிது. அவ்வாறே பலரும் செய்துள்ளனர். ஆயின் ஒன்று கருதத்தக்கது. இவர்களுள் பலரும் மனையை நீத்தவர்கள். துறந்தாருக்கு அடுக்களை ஒன்றில்லை. மணவினை நிகழ்த்த வேண்டிய மக்களில்லை. யாருடைய ஈமக்கடனை எம்முறையில் ஆற்றுவது என்னும் வழக்கில்லை. துறவு இச்சிக்கலைத் தீர்க்கவில்லை, அதிலிருந்து விலகிக்கொள்கிறது. ஒரே கூரையின்கீழ் உண்டு, உறங்கி, ஒரே முதியோரைப் பேணி வாழும் இல்லறத்தார் என்செய்வர் என்னும் வினாவுக்குக் காப்பியங்களில் விடை கிடைப்பதில்லை.

அவ்வினாவை ஆராய்வதற்குத் தில்லி பொருத்தமான களமாகும். அம்பேத்கர் தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்ததும், 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்ததும் தில்லி அலிப்பூர்ச் சாலை 26ஆம் எண் இல்லத்திலேயாகும். அதற்கு ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு முன்னர், அக்டோபர் 14ஆம் நாள், நாகபுரியில் அவர் தீக்கை பெற்றார். அவ்வழியைப் பின்பற்றித் தில்லியிலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் பௌத்தம் தழுவினர். 2001 நவம்பர் 4ஆம் நாள் தில்லி அம்பேத்கர் பவனில் நிகழ்ந்த பெருந்திரள் மதமாற்றம் நாடறிந்தது. அதே இடத்தில் 2022 அக்டோபரில் அம்பேத்கரின் 22 உறுதிமொழிகள் ஏற்கப்பட்டபொழுது, அதில் பங்கேற்ற தில்லி அமைச்சர் ஒருவர் பதவி துறக்க நேர்ந்தது.

இத்தகைய பௌத்த மனையொன்றில் ஒருவர் கிறித்துவை ஏற்கும்போது, அல்லது கிறித்தவப் பெண் ஒருத்தி அம்மனைக்கு மருமகளாக வரும்போது, எழும் இடர்ப்பாடு யாது? புத்தர் படமும் அம்பேத்கர் படமும் அருகருகே அமைந்த கூடத்தில் குடும்பத்தார் கூடி வந்தனை செய்கின்றனர். முதலில் மும்மணிச் சரணம், அடுத்துப் பஞ்ச சீலம். கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை என்னும் ஐந்தினையும் கிறித்தவர் தயக்கமின்றிக் கூறலாம். கள்ளுண்ணாமையைச் சில திருச்சபைகள் பௌத்தரினும் கடுமையாக வற்புறுத்துவதும் உண்டு. தடை எழுவது சரணத்தில்தான். புத்தரைச் சரணடைவது கடவுளை வழிபடுவதன்று என்பது பௌத்தரின் விளக்கம். அது பௌத்தக் கோட்பாட்டின்படி சரியே. எனினும் அடைக்கலம் என்னும் சொல்லைக் கிறித்துவுக்கே உரியதாகக் கொண்டவருக்கு அவ்விளக்கம் போதுமானதாவதில்லை. சீலத்தில் ஒன்றி, சரணத்தில் வேறுபடும் இந்நிலையை ஒழுக்கத்தின் ஒற்றுமை, நம்பிக்கையின் வேற்றுமை என்று பிரித்துரைப்பது கருத்தளவில் எளிது. வழிபாட்டில் இரண்டும் ஒரே மூச்சில் ஓதப்படுகின்றன.

இச்சிக்கலுக்குத் தில்லியின் வரலாறு முன்னரே ஒரு விடையை முயன்று பார்த்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலிக்க மறைப்பணியாளர்களால் திருமுழுக்குப் பெற்ற தில்லிச் சமார்கள் தத்தம் சாதியினர் வாழ்ந்த பகுதிகளிலேயே, பழைய சடங்குகளையும் முற்ற விடாது வாழ்ந்தனர். இதனைக் குறையெனக் கருதிய மறைப்பணியாளர்கள் 1884ஆம் ஆண்டையொட்டித் தரியாகஞ்சில் கிறித்தவர்க்கெனத் தனிக் குடியிருப்பை அமைத்தனர். ஞாயிறு ஓய்வைக் கடைப்பிடித்தல், பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றில் கிறித்தவச் சடங்குகளையே கைக்கொள்ளல் முதலியன அங்கு வாழ்வதற்குரிய விதிகள். இதன் தொடர்ச்சியாகச் சாதிப் பஞ்சாயத்துக் கூடிச் சாதியா கிறித்தவமா எனக் கேட்டபொழுது, பலர் உறவினர் பக்கமே சாய்ந்தனர். அவர்களை உறுதியற்றவர் எனப் பழிப்பது பொருந்தாது. முழுமையான நம்பிக்கைக்குத் தனி மனை வேண்டும் என்னும் கருத்தே அங்குத் தோல்வியுற்றது எனலாம். உறவை விட்டுப் பெறும் தூய்மை, மேற்கூறிய துறவின் மற்றொரு வடிவமேயாகும்.

விவிலியமும் அவ்வாறு பிரிந்துபோகுமாறு எல்லோரையும் பணிப்பதில்லை. அரசர்களின் இரண்டாம் நூலில் வரும் நாமானின் கதை இங்கு மிகவும் பொருந்துவது. நோய் நீங்கிய சிரியப் படைத்தலைவன் இனி இசுரவேலரின் கடவுளையன்றிப் பிறரை வணங்குவதில்லை என உறுதி கொள்கிறான். உடனே ஒரு விலக்கும் கேட்கிறான். தன் அரசன் தன் கையில் சாய்ந்தவாறு இரிம்மோன் கோயிலில் குனிந்து வணங்கும்போது தானும் உடன் குனிய நேரும், அதனைப் பொறுத்தருள வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். இறைவாக்கினர் எலிசா அதற்கு இசைவும் சொல்லவில்லை, தடையும் விதிக்கவில்லை. அமைதியோடு செல்லுமாறு மட்டும் கூறி அனுப்புகிறார். முதியவரைத் தாங்கிப் பிடித்தவரின் குனிவும் வணங்குபவரின் குனிவும் காண்பார்க்கு ஒன்றே. நாமான் மறைவாகக் குனியாமல், அதனை முன்கூட்டியே உரைத்தான் என்பது கருதத்தக்கது. நம்பாத துணைவர் உடன்வாழ இசைந்தால் அவரை நீக்க வேண்டா என்று கொரிந்தியர்க்கு எழுதிய பவுலும் மனையைக் காத்தலையே முதன்மையாகக் கொண்டார்.

பௌத்தர் தரப்பில் இதற்கு நிகரானது மச்சிம நிகாயத்தின் உபாலி சூத்திரம். நிகண்டநாத புத்திரரின் அடியவனாகிய உபாலி என்னும் நாளந்தைச் செல்வன் வாதில் வெல்லச் சென்று புத்தரின் அடியவனாகிறான். நன்கு ஆராய்ந்த பின்னரே முடிவு செய்யுமாறு அவனைத் தடுத்த புத்தர், நெடுங்காலம் நிகண்டர்க்கு உணவளித்த இல்லம் அவனுடையது என்றும், அவர்கள் வந்தால் தொடர்ந்து ஈதல் வேண்டும் என்றும் கூறுகிறார். கொள்கை மாறலாம், வந்தோர்க்கு இலையிடும் கடமை மாறுவதில்லை. தில்லி பெரோசு ஷா கோட்டையில் நிற்கும் தோப்ரா தூணின் ஏழாம் சாசனத்தில் சங்கத்தார், பார்ப்பனர், ஆசீவகர், நிகண்டர் அனைவர்க்கும் அற அதிகாரிகளை அமைத்ததாக அசோகன் கூறுவதும், பெற்றோரையும் முதியோரையும் பேணுதலை அதே சாசனத்தில் சேர்த்துரைப்பதும் இம்மரபின் நீட்சியே.

ஆயினும் அம்பேத்கர் வழிப் பௌத்தம் உபாலியின் பௌத்தத்தினின்று ஒரு வகையில் வேறுபட்டது. அது மறுப்பிலிருந்து பிறந்தது. 22 உறுதிமொழிகளுள் பல, இன்னின்ன தெய்வங்களை வணங்கேன், சிரார்த்தம் செய்யேன், பார்ப்பனரைக் கொண்டு சடங்கு நிகழ்த்தேன் என்னும் எதிர்மறைகளாக அமைந்துள்ளன. அவற்றுள் கிறித்துவின் பெயர் இடம்பெறவில்லை; புத்தரின் தம்மமே மெய்ச்சமயம் என்னும் உறுதி இடம்பெறுகிறது. மூதாதையர் வழிபட்ட தெய்வத்தின்முன் தலைவணங்க மறுத்ததைத் தன்மானத்தின் தொடக்கமாகக் கொண்டாடும் குடும்பம், தன் மருமகள் ஒருத்தி சரணம் கூற மறுத்தால் அதனை நன்றியின்மை எனக் கொள்வது முரணாகும். இம்முரணைக் கிறித்தவர் தம் வாதத்துக்குரிய கருவியாக்குவதும் நேர்மையாகாது. திருச்சபைக்குள் சாதி நிலவுவதை அம்பேத்கரும், அவர்க்கு முன்னர் அயோத்திதாசரும் கடிந்துரைத்தனர். அக்குற்றச்சாட்டு இன்றும் விடையிறுக்கப்படவில்லை. இங்கு மற்றொன்றையும் குறிப்பிடலாம்: 1885இல் திராவிட பாண்டியன் இதழைத் தொடங்கிய வெசுலியப் போதகர் ஜான் இரத்தினம், பின்னாளில் தமிழ்ப் பௌத்தத்தை நிறுவிய அயோத்திதாசரோடு இணைந்து இயங்கியவர்.

நம்பிக்கையை நம்பிக்கையாகவே எடைபோட இயலாதவாறு சட்டமும் இடைப்புகுகிறது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்கட்கு மட்டுமே அந்நிலையை வழங்கியது. 1956இல் சீக்கியரும், 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் இன்றும் விலக்கப்பட்டுள்ளனர். சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த சூசை என்னும் கிறித்தவர், பிற செருப்புத் தொழிலாளர்க்கு வழங்கிய கடைப்பெட்டி தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1985இல் தள்ளுபடி செய்தது. மிசுரா ஆணையம் 2007இல் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது, பயனில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கிலும், திருமுழுக்குப் பெற்றுத் தேவாலயம் செல்பவர் இடஒதுக்கீட்டின் பொருட்டு மட்டும் இந்து எனக் கூறுவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகவே ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருள் பௌத்தர் சான்றிதழ் பெறுகிறார், கிறித்தவர் இழக்கிறார். குடும்பத்தார் அவரைத் தேவாலயத்துக்குச் செல்வதை வெளியில் சொல்லாதிருக்குமாறு வேண்டுவது பெரும்பாலும் சமயக் காழ்ப்பால் அன்று, பிள்ளைகளின் கல்வி குறித்த அச்சத்தாலாகும். அவ்வச்சம் நியாயமானதே. ஆனால் நாமான் வெளிப்படையாகக் கேட்ட விலக்கை இவர் கேட்கவும் இயலாமற் போகிறது. மறைத்தலே அன்பின் வடிவமாக மாறிவிடுகிறது; பஞ்ச சீலத்தின் நான்காவதை இருதரப்பாரும் சேர்ந்தே மீறுகின்றனர்.

இவையனைத்தும் கூர்மையடைவது சாவில். கிறித்தவரின் அடக்கத்தில் பௌத்தராகிய உடன்பிறந்தார் கல்லறை அருகே நின்று ஒரு பிடி மண் இடுகின்றனர். ஓதுபவர் பெரும்பாலும் போதகராதலின் அவர்களுடைய மௌனம் எவர் செவிக்கும் எட்டுவதில்லை. பௌத்தத் தந்தையின் உடல் நிகம்போத் படித்துறைக்கு எடுத்துச் செல்லப்படும் நாளில் நிலைமை வேறு. அங்குக் குடும்பத்தார் அனைவரும் குரலெடுத்துச் சரணம் ஓதுகின்றனர். பாடையைத் தோளில் சுமந்துவந்த மூத்த மகன் வாய் திறவாதிருப்பது தனித்துக் கேட்கிறது. அம்மௌனத்தைத் தந்தைக்குச் செய்த அவமதிப்பு என்று சித்தப்பன்மார் கொள்ளக்கூடும். தந்தையின் முன் பொய்யுரைக்க மனமின்மை என்றும் கொள்ளக்கூடும். பின்னர்ச் சீலம் தொடங்குகையில் அவன் குரலும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்பவர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது அது.