சிறு சுங்கமும் பெருஞ்சினமும்

நூறு காசுக்குப் பொருள் விற்றவனிடம் ஒரு காசைக் கழித்துக்கொண்டால் அவன் முணுமுணுப்பான். இரண்டு காசைக் கழித்தாலோ வழக்காட வந்துவிடுவான். கழித்த காசு எவருடைய பைக்கும் போகவில்லை, அடியோடு அழிக்கப்பட்டுவிட்டது என்று அவனிடம் சொன்னால் அவன் சினம் தணியுமா, கூடுமா? இக்கேள்வி வெறும் கற்பனையன்று. கணினித் திரையில் நடைபெறும் விளையாட்டொன்று இதனை மெய்யாகவே நடத்திக் காட்டியிருக்கிறது. விளையாட்டுத்தானே என்று பெரியவர்கள் ஒதுக்கிவிட வேண்டா. சுங்கத்தின் நீதி எதில் இருக்கிறது என்னும் பழைய வினாவுக்கு இப்புதிய சந்தை நல்லதோர் உரைகல்லாகும்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள ஜாஜெக்ஸ் என்னும் நிறுவனம் நடத்தும் 'ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டையே குறிப்பிடுகிறோம். 2013ஆம் ஆண்டு தொடங்கிய இவ்வுலகில் ஆடுவோர் மரம் வெட்டுகின்றனர், மீன் பிடிக்கின்றனர், மூலிகை பறிக்கின்றனர், கொடிய விலங்குகளோடு பொருது பரிசில் பெறுகின்றனர். ஈட்டியவற்றை விற்பதற்கு 'கிராண்ட் எக்ஸ்சேஞ்ச்' என்னும் பேரங்காடி 2015இல் அங்கே திறக்கப்பட்டது. விற்பவனும் வாங்குபவனும் முகம் பாராமலே அங்கு விலை கூறிப் பொருளை மாற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் சுங்கம் ஏதும் இல்லை.

அவ்வுலகுக்கு ஒரு நோய் உண்டு. வீழ்த்தப்படும் விலங்குகள் பல புதுநாணயத்தைச் சிந்துகின்றன; பொருளை நாணயமாக மாற்றும் மந்திரமும் இருக்கிறது. வாளும் வில்லும் பெரும்பாலும் தேய்வதுமில்லை, ஒடிவதுமில்லை. ஆகவே ஆண்டுதோறும் நாணயமும் பெருகுகிறது, பொருளும் குவிகிறது. பெருகியது எதுவாயினும் அதன் மதிப்புக் குன்றும் என்பது உலகியற்கை. இதற்கு மருந்தாகவே 2021 டிசம்பரில் பேரங்காடி விற்பனைக்கு நூற்றுக்கு 1 வீதம் சுங்கம் விதிக்கப்பட்டது. அப்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சந்தையிலிருந்தே சில பொருள்களை வாங்கி அழித்துவிடவும் ஏற்பாடு செய்தனர். 2025 மே மாதம் அச்சுங்கம் நூற்றுக்கு 2 ஆயிற்று.

ஆடுவோர் இரு பிரிவாயினர். நாணயத்தின் மதிப்புக் காக்கப்படுகிறது என்று வரவேற்றோர் ஒரு சாரார். எங்கள் உழைப்பில் கை வைக்கலாமா என்று குமுறியோர் மறு சாரார். குமுறியவர்களில் வாங்கி விற்கும் வணிகரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு பொருளை 1,00,000 நாணயத்துக்கு வாங்கி 1,01,500க்கு விற்பவனுக்குச் சுங்கமில்லாக் காலத்தில் 1,500 எஞ்சியது. நூற்றுக்கு 1 வந்தபோது 1,015 போக 485 எஞ்சியது. நூற்றுக்கு 2 ஆனபோது 2,030 போய்விடுகிறது, 530 கைநட்டம்! 'ஒரே ஒரு விழுக்காடுதானே கூடியது' என்பது விதி வகுத்தவரின் மொழி. 'என் தொழிலே போயிற்று' என்பது வணிகனின் மொழி. இரண்டும் மெய்யே. சுங்கம் விற்ற விலையின் மீது கணக்கிடப்படுகிறது. வணிகன் உயிர்வாழ்வதோ ஆதாயத்தின் மீது. இவ்வேறுபாட்டை உணராதவர் அவன் சினத்தைப் பேராசை என்று எளிதில் பழித்துவிடுவர்.

திரையில் தோன்றும் நாணயத்துக்கு இத்துணை ஆரவாரமா என்று கேட்கலாம். நாணயம் கற்பனை, அதை ஈட்டச் செலவான நேரம் கற்பனையன்று. வெனிசுவேலா நாட்டில் பணவீக்கம் தலைவிரித்தாடிய 2017ஆம் ஆண்டை ஒட்டி, அந்நாட்டார் பலர் இவ்விளையாட்டில் நெடுநேரம் உழைத்து நாணயம் திரட்டி, அதனைப் பிறருக்கு விற்று உணவு வாங்கினர். விளையாட்டின் விதி அவ்விற்பனையைத் தடுக்கிறது. அதனை நாம் சரியென்று கூற வரவில்லை. ஆயினும் மனிதனின் வியர்வை எங்கே சிந்துகிறதோ அங்கே நீதி குறித்த கேள்வியும் எழும் என்பதை மறுக்க இயலாது.

அரபு மொழியில் சந்தைச் சுங்கத்துக்கு 'மக்ஸ்' என்று பெயர். விற்பனையில் விலையைக் குறைத்தல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. மார்க்கச் சட்ட அறிஞர்கள் அதனைக் கடிந்தே எழுதினர். விற்பவன் உரிமையில் ஒரு பகுதியை வலியவன் தன் பைக்கு எடுத்துக்கொள்வதே அவர்கள் கண்ட தீமை. 1377ஆம் ஆண்டு 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன் இதனை வேறொரு கோணத்தில் ஆராய்ந்தார். வரி சிறிதாயிருக்கும்போது மக்கள் ஊக்கத்தோடு உழைக்கின்றனர். அது ஏற ஏற ஆதாயத்தில் வைத்த நம்பிக்கை தளர்ந்து கையைச் சுருக்கிக்கொள்கின்றனர். ஈற்றில் வரி வருவாயும் குன்றுகிறது என்பது அவர் கண்ட உண்மை. இந்த விளையாட்டிலும் ஆடுவோர் இருவர் நேருக்கு நேர் கைமாற்றிக்கொண்டால் சுங்கம் இல்லை. எனவே சுமை கூடும்போது அங்காடியை விட்டு விலகுவதற்கு அவர்களுக்கு வழியும் இருக்கிறது.

ஆனால் இங்கே வாங்கியவர் பையை நிரப்பவில்லையே, அழித்துவிடுகிறாரே! அப்படியாயின் 'மக்ஸ்' மீது கூறிய குற்றம் இதற்குப் பொருந்தாதன்றோ? ஒருவகையில் பொருந்தாதுதான். பணம் எங்கே போகிறது என்னும் முதற்சோதனையில் இச்சுங்கம் தேறிவிடுகிறது. ஆயினும் இரண்டாம் சோதனை ஒன்று உண்டு. அது யார் தோளில் அழுத்துகிறது?

இங்கேதான் நம் மனம் தயங்குகிறது. ஒரு பொருளுக்கு 50 இலட்சம் நாணயத்துக்கு மேல் சுங்கம் இல்லை என்று ஓர் எல்லை வகுத்துள்ளனர். வீதம் இரட்டித்தபோது அவ்வெல்லை மாறவில்லை. விளைவைக் காண்க. 10,000 நாணயத்துக்கு விற்பவன் முன்பு 100 கொடுத்தான்; இப்போது 200. 60 நாணயத்துக்கு விற்பவன் முன்பு ஒன்றும் கொடுக்கவில்லை. இப்போது 1 கொடுக்கிறான். 50 கோடிக்கு விற்பவனோ முன்பும் 50 இலட்சம், இப்போதும் 50 இலட்சம்! 100 கோடிக்கு விற்பவன் கொடுப்பது நூற்றுக்கு அரைதான். ஏற்றத்தின் சுமை மூலிகை பறிப்பவனைத் தொட்டது. பெருஞ்செல்வனைத் தொடவே இல்லை.

எல்லை இல்லையேல் பெருவணிகர் அங்காடியை விட்டுக் கைமாற்றாக விற்றுத் தப்புவர் என்று வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் தப்பிக்க வல்லவனுக்குச் சலுகை, தப்பிக்க இயலாதவனுக்குச் சுமை என்பது நிருவாகத்துக்கு எளிய வழியாகலாம், நீதிக்கு வழியாகாது.

ஆகவே நாம் தெளிவது இது. சுங்கத்தைக் கண்டு மக்கள் சினந்தார்கள் என்பதனாலேயே அது அநீதியாகிவிடாது. சினம் பெரும்பாலும் அவரவர் பையை அளந்தே எழுகிறது. விதித்தவர் பொதுநலம் நாடினார் என்பதனாலேயே அது நீதியாகிவிடவும் மாட்டாது. நல்ல நோக்கமும் தவறான தோளில் ஏற்றப்பட்டால் கொடுமையாகவே உணரப்படும். விற்பவன் கைத் தராசில் கண் வைக்க நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். விதி வகுப்பவன் கையிலும் ஒரு தராசு உண்டு என்பதையும், விளையாடும் வயதிலேயே அவர்கள் கண்டுகொள்வார்களாக.