கண்ணும் கதிரொளியும்

மனிதனுக்குள் அளவிறந்த சக்தி மறைந்து கிடக்கிறது என்று சொல்லாத சமயமும் இல்லை, சொற்பொழிவாளரும் இல்லை. அது வாஸ்தவமானால், பெரும்பாலோரிடத்தில் அச்சக்தி கடைசிவரை தலைகாட்டாமலே போய்விடுவதேன் என்ற கேள்விக்குத்தான் நேரான விடை கிடைப்பது அரிது.

பூரணத்துவம் மனிதனிடத்தில் முன்னமே உள்ளது, கல்வி அதனை வெளிப்படுத்துவதே என்றார் சுவாமி விவேகானந்தர். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அருளிய சிவஞான போதத்தைத் தலைமேற்கொண்ட சைவ சித்தாந்த மரபோ, ஆன்மா அறிவுடைய பொருளே என்பதை ஒப்புக்கொண்டு, ஆயினும் அது தானே அறிய வல்லதன்று, எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாய் நிற்பதே அதன் சுபாவம் என்று ஒரு படி மேலே சென்று விளக்குகிறது. கண் இதற்கு உவமை. கண்ணுக்குக் காணும் சக்தி உண்டு. எனினும் படலம் மூடினாலும் காணாது, கதிரவன் ஒளி இல்லாவிட்டாலும் காணாது.

படலத்துக்கு உதாரணம் அருணந்தி சிவாசாரியர் சரித்திரத்திலேயே இருக்கிறது. சகலாகம பண்டிதர் என்று பேர்பெற்ற அந்த முதியவர், திருவெண்ணெய்நல்லூரில் சிறுவராயிருந்த மெய்கண்டாரிடம் சென்று, நின்ற நிலையிலேயே, ஆணவத்தின் சொரூபம் யாது என்று கேட்க, அவர் மறுமொழி ஒன்றும் கூறாமல் கேட்டவரையே சுட்டிக் காட்டினார் என்பது மரபு. ஆகமங்கள் அனைத்தையும் கற்ற புலமையால் நீங்காத மறைப்பு, ஒரு விரல் நீட்டியதில் நீங்கிற்று. பண்டிதர் அச்சிறுவருக்கே சீடரானார். சிவஞான சித்தியார் என்னும் பெருநூல் அவரிடமிருந்து பிறந்தது அதன் பின்னரே.

ஒளியின்மைக்கு உதாரணம் நம் காலத்துக்கு அருகிலேயே உண்டு. கணிதத்தில் ஆழ்ந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்து, பின்னர் எப்.ஏ. பரீட்சையிலும் தேறாமல், 1912-இல் சென்னைத் துறைமுக டிரஸ்ட் ஆபீஸில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக அமர்ந்த ராமானுஜனிடத்தில், 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டி தன் அங்கத்தினராக ஏற்றுக்கொண்ட அதே மேதைதான் குடிகொண்டிருந்தது. அந்த மேதை வெளிப்பட்டது எப்படி? கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்த ஏழை இளைஞரைப் பொறுமையோடு கேட்டு ஆதரித்தார் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ஆபீஸில் துணைநின்றார் நாராயண ஐயர். முகமறியாத ஒருவர் 1913 ஜனவரியில் எழுதிய கடிதத்தைக் குப்பையில் எறியாமல் உட்கார்ந்து படித்தார் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி. ராமானுஜனோ, எல்லாம் தம் குலதெய்வமான நாமகிரித் தாயாரின் அருள் என்றே சொல்லிவந்தார்.

"உன்னிடத்தில் எல்லாம் இருக்கிறது" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு அப்பால் நடப்பது சுலபம். அவன் தோற்றால் பழியும் அவனையே சேரும். இறைவனே குருவடிவாய் மானிடச் சட்டை தாங்கி வந்து ஆன்மாவுக்கு உணர்த்துகிறான் என்று கொள்ளும் சித்தாந்தம் நமக்கு அந்தச் சௌகரியத்தை அளிப்பதில்லை. அருள் மனித உருவில்தான் வந்து கதவைத் தட்டும் என்றால், ஒருவனுடைய ஆற்றல் விளங்காமற் போனதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்களில், அவன் பக்கத்தில் இருந்தும் அவனை ஏறிட்டுப் பாராத நாமும் சேர்ந்தவர்களே.