தீண்டாத காடு

எங்கள் காலனியில் நாலைந்து பேர் சேர்ந்து இரவுப் பள்ளி நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளுக்குப் படம் போடுவது வழக்கம். போன கோடையில் செரெங்கெட்டியைப் பற்றிய படம் ஒன்று போட்டோம். ஆப்பிரிக்காவின் புல்வெளி, சிங்கம், வரிக்குதிரை, முதலை கிடக்கும் ஆற்றை லட்சக்கணக்கில் கடக்கிற வைல்டுபீஸ்ட். பிள்ளைகள் அதற்கு 'மாட்டு மூஞ்சி மான்' என்று பேர் வைத்துவிட்டார்கள். தமிழில் குரல் கொடுத்தவர் கம்பீரமாக ஆரம்பித்தார்: மனிதர் கை தீண்டாத பூமி! படம் முடிந்ததும் ஏழாவது படிக்கிற ஒரு பிள்ளை கேட்டாள்: "அண்ணா, அந்த ஊர்ல ஆளுங்களே கெடையாதா?"

"கெடையாது. அது வெறும் காடு" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி அந்தச் சொல் என்னை விடவில்லை. தீண்டாத. இலக்கணத்தில் அது எதிர்மறைப் பெயரெச்சம். எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம் வேறு. ஒன்றைத் தீண்டாதது என்று புகழ்கிற இடத்தில், தீண்டக் கூடாதவன் என்று ஒருத்தனைத் தள்ளி நிறுத்தியிருப்பார்கள். இது நம் அனுபவம். அப்படியானால் செரெங்கெட்டியில் தள்ளி நிறுத்தப்பட்டவன் யார்? தேடிப் படித்தேன். பிள்ளையிடம் சொன்னது பொய் என்று தெரிந்தது.

செரெங்கெட்டி என்ற பேரே மாசாய் மக்களின் மொழியிலிருந்து வந்தது. முடிவில்லாமல் விரிந்த நிலம் என்று பொருள் சொல்கிறார்கள். ஆளே இல்லாத இடத்துக்கு அந்த மொழியில் பேர் எப்படி வந்தது? அதே நிலப்பரப்பில், ங்கோரோங்கோரோ பகுதியில் உள்ள லேட்டோலியில், எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகளை மேரி லீக்கியின் குழு 1978இல் கண்டெடுத்தது. நம் இனத்தின் மூதாதையர் இரண்டு காலால் நடந்த தடம். 36 லட்சம் ஆண்டுகள் பழமை. காலடி மனித குலத்துக்கே அங்கே இருக்கிறது. ஆனால் அதுதான் மனிதர் தீண்டாத பூமியாம்.

அன்றைய தங்கனீக்கா பிரிட்டிஷார் கையில் இருந்தது. 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்கா ஆனது. உள்ளே மாடு மேய்த்துக்கொண்டிருந்த மாசாய்களை என்ன செய்வது என்று சில வருடம் இழுத்தடித்தார்கள். 1958இல் 12 மாசாய்ப் பெரியவர்களிடம் கையொப்பம் வாங்கப்பட்டது: செரெங்கெட்டியை விட்டுவிடுகிறோம் என்று. 1959இல் பூங்காவிலிருந்து பிரித்த ங்கோரோங்கோரோவை அவர்களுக்கும் விலங்குகளுக்கும் பொதுவாக ஒதுக்கினார்கள். விலங்கின் நலனும் மனிதரின் நலனும் முட்டிக்கொண்டால் மனிதர் பக்கமே முன்னுரிமை என்று கவர்னரே வாக்குக் கொடுத்தார். 1974இல் அந்த எரிமலைப் பள்ளத்தின் தரையில் குடியிருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். அப்போது வெள்ளைக்காரன் இல்லை, சுதந்திர நாட்டு அரசு. ஆள் மாறினாலும் ஆண்டை புத்தி மாறவில்லை.

இந்தக் காலத்தில்தான் பிராங்ஃபர்ட் மிருகக்காட்சிசாலையின் தலைவர் பெர்ன்ஹார்ட் கிரிசிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட விமானத்தில் பறந்து விலங்குகளை எண்ணினார்கள். 1959 ஜனவரியில் விமானம் விழுந்து மகன் செத்துப்போனார். அவர்கள் எடுத்த 'செரெங்கெட்டி சாகக் கூடாது' படம் ஆஸ்கர் வாங்கியது. அந்த விலங்குகள் மேல் அவர்களுக்கு இருந்த பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஒரு தகப்பன் மகனையே கொடுத்திருக்கிறான். ஆனால் தேசியப் பூங்கா என்றால் உள்ளே மனிதர் வாழக் கூடாது, அந்த மண்ணின் மக்களும் கூடாது என்பதுதான் பெர்ன்ஹார்டின் உறுதியான கொள்கை. பாசம் இருக்கிற இடத்திலேயே விலக்கும் இருக்க முடியும். நமக்கு இதுவும் தெரியாததல்ல.

நிலம் காலியாகத்தான் இருந்தது என்று வந்தவர்கள் நம்பினார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1887இல் இத்தாலியப் படைக்காகக் கொண்டுவந்த மாடுகளோடு வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. வெக்கை என்றால் எங்கள் தாத்தா தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். ஊர்த்தெருவில் வெக்கை விழுந்தால் செத்த மாட்டை இழுக்கக் காலனிக்குத்தான் ஆள் வரும். ஆப்பிரிக்காவில் அது பத்து வருடத்தில் தெற்குக் கோடி வரை போய்ப் பத்தில் எட்டு, ஒன்பது மாடுகளைத் தின்றது. மாடே சோறாக இருந்த மாசாய்கள் பட்டினியிலும் அம்மையிலும் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். அந்தக் காலத்துக்கு அவர்கள் வைத்த பேர் 'எமுதாய்', துடைத்தழிப்பு. மேய்ச்சல் நின்ற இடத்தில் புதர் ஏறியது. புதரோடு ட்சேட்சே ஈ வந்தது. அதற்கப்புறம் வந்து பார்த்தவர்களுக்கு அது ஆதிகாலக் காடாகத் தெரிந்தது. இழவு வீட்டைப் பார்த்து, இங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்று சொன்ன கதை.

பிற்பாடு அறிவியலாளர்களே கண்டுபிடித்து எழுதியதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 1960களின் தொடக்கத்தில் செரெங்கெட்டியில் வைல்டுபீஸ்ட் இரண்டரை லட்சம் அளவில் இருந்தது. 1977 வாக்கில் 13 லட்சத்தைத் தாண்டியது. ஏன்? ஆண்டனி சின்க்ளேர் போன்றவர்கள் எருமைகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 1960களின் நடுவுக்குப் பிறகு பிறந்தவற்றில் வெக்கையின் தடயமே இல்லை. சுற்றுப்புற ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதால் காட்டு விலங்கின் கன்றுகள் பிழைத்தன. விலங்கு பெருகியதும் புல் மேயப்பட்டது; காய்ந்த புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது; தீ குறைந்ததால் மரம் எழுந்தது. மேய்ப்பவனுடைய மாட்டுக்குப் போட்ட ஊசியில் காடு பிழைத்தது. மாட்டையும் மேய்ப்பவனையும் காட்டின் பகை என்று விரட்டியவர்கள் இதை எங்கே வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள்?

இன்னொன்று சாணியைப் பற்றியது. 2018இல் பியோனா மார்ஷலும் அவரோடு வேலை செய்தவர்களும் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தென்மேற்குக் கென்யாவில், மாசாய்களுக்கும் முந்திய மேய்ப்பர்கள் மாடும் ஆடும் அடைத்த பட்டிகள் இருந்த இடங்களைத் தோண்டிப் பார்த்தார்கள். 1,550 முதல் 3,700 வருடம் வரை பழைய பட்டிகள். சாணியும் புழுக்கையும் மண்ணில் சேர்ந்து, பாஸ்பரஸும் கால்சியமும் மக்னீசியமும் இன்றைக்கும் அங்கே கூடுதலாக இருக்கின்றன. சுமார் 100 மீட்டர் அகலத்துக்குப் பச்சைத் திட்டாக நிற்கும் அப்படிப்பட்ட இடங்களைத் தேடித்தான் காட்டு விலங்குகளும் மேய வருகின்றன. நம்மூரில் அறுப்பு முடிந்த நிலத்தில் கிடை போடுகிறோமே, அதே வேலைதான். அது மூவாயிரம் வருடம் நிற்கும் என்று கிடை போடுகிற நமக்கே தெரியாது.

என் அம்மா ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டாயில் சாணி அள்ளியவள். அவள் அள்ளிப் போட்ட குப்பையில்தான் அந்த நிலம் விளைந்தது. அவள் அள்ளிக் கொடுத்த சாணியில்தான் அந்த வீட்டு வாசல் தெளித்துச் சுத்தமானது. ஆனால் அந்த வாசற்படியை அவள் தாண்டக் கூடாது. "நாம சுத்தம் பண்ண எடத்துக்கு நாமதான் தீட்டு" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்லும். செரெங்கெட்டியின் கதையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேய்த்து, தீ வைத்து, சாணி போட்டு ஒரு நிலத்தை உருவாக்கியவனின் உழைப்பை முதலில் அழிக்கிறார்கள். பிறகு அவனை வெளியே தள்ளுகிறார்கள். கடைசியில் மிஞ்சியதற்குப் பரிசுத்தம் என்று பேர் வைக்கிறார்கள். உழைப்பை மறைக்காமல் தூய்மை என்ற ஒன்று உண்டாவதில்லை. அக்ரகாரமானாலும் தேசியப் பூங்காவானாலும் கட்டமைப்பு ஒன்றுதான்.

நியாயமான மறுகேள்வி ஒன்று இருக்கிறது. தோழர் ஒருவர் கேட்டார்: "விலங்குக்கு வாய் கிடையாது. அதுக்காக யார் பேசறது?" ங்கோரோங்கோரோவில் 1959இல் சுமார் 8,000 பேர் இருந்தார்கள், 2022 வாக்கில் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தார்கள். புல் அதே புல்தான். கருப்புக் காண்டாமிருகம் ஆப்பிரிக்கா முழுக்க 1970இல் 65,000 அளவில் இருந்தது. 1990களின் நடுவில் 2,500க்கும் கீழே போய்விட்டது. இதைப் பேசாமல் மனித உரிமை மட்டும் பேசினால் அது அரைப் பேச்சு. ஒத்துக்கொள்கிறேன். விலங்குக்கும் அந்த மண்ணில் பங்கு உண்டு. மேய்ச்சலுக்கு எல்லை தேவைப்படலாம்.

ஆனால் அந்தக் காண்டாமிருகக் கொம்பு மாசாய்க் குடிசையில் தொங்கவில்லை. ஏமன் நாட்டுக் குத்துவாளுக்குப் பிடியாகவும் கிழக்காசிய மருந்தாகவும் போனது. மாசாய்கள் பொதுவாகக் காட்டு விலங்கைத் தின்கிறவர்களே அல்லர். வைல்டுபீஸ்ட் கன்று ஈனும் காலத்தில் அந்தப் பக்கம் போனால் மாட்டுக்கு நோய் தொற்றும் என்று, விஞ்ஞானம் வைரஸைக் காணும் முன்பே தெரிந்து, நல்ல புல்லை அதற்கே விட்டு ஒதுங்கிப்போனவர்கள். 2022 ஜூனில் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தை அரசு கல் நட்டுப் பிரித்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. போலீஸ்காரர் ஒருவரும் செத்தார். பலர் காயத்தோடு கென்யாவுக்குள் ஓடினார்கள். அதே லோலியோண்டோவில் அமீரகத்துக் கம்பெனி ஒன்றுக்கு 1992 முதல் வேட்டை உரிமை கொடுத்திருந்தார்கள். ங்கோரோங்கோரோ ஆட்களைச் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி ம்சோமேராவுக்குக் கொண்டுபோனார்கள்; பள்ளத்தின் விளிம்பில் உல்லாச விடுதிகள் நிற்கின்றன. பாரம் தாங்காது என்றால் எல்லாருடைய பாரமும் கணக்கில் வரட்டும். எல்லை போடுங்கள். போடுகிற இடத்தில் மேய்ப்பவனையும், சாணி மெழுகி வீடு கட்டுகிற அவன் வீட்டுப் பெண்ணையும் உட்கார வைத்துப் போடுங்கள். வாயில்லாத விலங்குக்காகப் பேசுகிறோம் என்று வாயுள்ள மனிதரின் வாயை அடைப்பது என்ன அறம்?

இங்கேயே முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் படிக்கப் படிக்க வேறொன்றும் வந்தது. மாசாய்களுக்குள்ளேயே குனோனோ என்று இரும்படிக்கிற கூட்டம் உண்டு. அவர்களோடு மற்றவர்கள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. அவர்கள் அடித்துக் கொடுத்த ஈட்டியை வாங்கும்போது தீட்டுப் போகக் கையில் கொழுப்பைத் தடவிக்கொள்வார்கள் என்று நூறு வருடத்துக்கு முன் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஈட்டி வேண்டும், அடித்தவன் வேண்டாம். இவர்களுக்காகவா நான் பேசுகிறேன்?

ரெண்டு நாள் கழித்துத்தான் தெளிந்தது. ஒருவனுக்கு நியாயம் கேட்க அவன் மாசற்றவனாக இருக்க வேண்டும் என்றால், நானும் மனிதரில் தீண்டாத காட்டைத்தான் தேடுகிறேன். நிலம் பறிபோனது அநியாயம், அதைச் சொல்வேன். குனோனோவைத் தள்ளி வைத்ததும் அநியாயம்; அதையும் சேர்த்தே சொல்வேன். எல்லை பேசுகிற இடத்தில் இரும்படிக்கிறவனுக்கும் ஒரு இடம் வேண்டும். நம் உட்சாதிச் சண்டைகளுக்குள் நின்றுகொண்டு இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கூச்சத்தோடேயே எழுதுகிறேன்.

போன வாரம் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. அங்க ஆளுங்க இருந்தாங்க. இப்பவும் பக்கத்துலயே இருக்காங்க."

"அப்ப படத்துல ஏண்ணா காட்டல?" என்றாள்.

அவளுக்குப் பதிலாகத்தான் இதை எழுதினேன். அடுத்த தடவை அந்தப் படத்தைப் போடும்போது பின்னணிக் குரலை நிறுத்திவிட்டு இதைப் படித்துக் காட்டப் போகிறேன்.